நாலாவது ரீலில் ஒரு பூட்டு

முதல் இரண்டு தடவை ஓட்டியபோது தணிகாசலம் அந்த அம்மாளின் கால்களை மட்டும்தான் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம். திரையில் யார் வந்து நின்றாலும் அவர் கண் முகத்துக்குப் போகாது, பாதத்துக்குப் போகும். என்ன செருப்பு, என்ன தரை, குதிகால் முதலில் ஊன்றுகிறதா விரல் ஊன்றுகிறதா, உடம்பின் கனம் எந்தப் பக்கம் சாய்கிறது. சினிமாவில் ‘சிறப்பு சப்தம்’ என்று ஒரு வரி ஓடுமே, அந்த வரிக்கு உரிய ஆள் அவர். கதாநாயகன் மாடிப்படி ஏறினால் உண்மையில் ஏறுவது சாலிகிராமத்தில் ஏசி போட்ட ஓர் அறைக்குள் ஐம்பத்தேழு வயதில் மூட்டுவலியோடு நிற்கிற தணிகாசலம். கதாநாயகி கொலுசு குலுங்க ஓடினால், கொலுசைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடுவதும் அவர்தான். ஆனால் இப்போது அவர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது சினிமா இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு குளிர்தேசத்தில் அணு உலை ஒன்று வெடித்து, அதற்கடுத்த நாட்களில் அந்த அரசாங்கமே ஆளனுப்பிப் பிடித்துப் பெட்டியில் போட்டு வைத்த படம். மொத்தம் ஆறு ரீல். ஒன்றிலும் சத்தம் கிடையாது. டெலிவிஷன் கம்பெனி ஒன்று அதைத் தமிழில் போடப்போகிறது. ஊமைப்படமாகப் போட்டால் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள் என்று யாரோ முடிவு செய்ததால், எப்போதோ எங்கேயோ நடந்து போனவர்களுக்காக இவர் இங்கே நடக்க வேண்டியிருந்தது. நாலாவது ரீலில் ஊரைக் காலி செய்கிறார்கள். தெரு ஓரத்தில் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. தலையில் துணி கட்டிய ஓர் அம்மாள், கையில் ஒரே ஒரு பையோடு மூன்று படி இறங்குகிறாள், நாலு தப்படி நடக்கிறாள், நிற்கிறாள், திரும்புகிறாள், மூன்று படி ஏறுகிறாள், மறுபடி இறங்குகிறாள். தட்டையான தோல் செருப்பு, சிமெண்டுப் படி, அப்புறம் சரளைக் கல். அவ்வளவுதான் அவர் பார்த்தது. மூன்றாவது தடவை ஓட்டியபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பெனிட்டா மைக்கில், “சார், கால் ஓகே. கை பாக்கி இருக்கு, பாருங்க. அந்த அம்மா வீட்டைப் பூட்டுறாங்க” என்றாள். அப்போதுதான் அவர் பார்வை மேலே போயிற்று.

பூட்டுகிறாள். ஆமாம், பூட்டுகிறாள். பூட்டு என்றால் அந்தத் தேசத்தில் கதவுக்குள்ளேயே பொதிந்திருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இது நம் ஊரில் தொங்குகிற மாதிரியே தொங்கியது, கொண்டி மாட்டி, உள்ளங்கை அகலத்துக்கு. “ஒரு நிமிஷம்மா, முட்டி பிடிச்சுக்கிச்சு” என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முட்டியை நீவிக்கொண்டார். முட்டிக்கு ஒன்றும் இல்லை. ஏசிக் காற்று பிடரியில் நேராக விழுந்தது. இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டிருக்கவே கூடாது. மனைவி வசுமதி அப்போதே சொன்னாள், “உங்களுக்கு ராத்திரி தூக்கமே வராது, எதுக்கு இந்த எழவுப் படம்?” என்று. அவள் சொன்னது செத்த மனுஷர்களை நினைத்து. செத்த மனுஷர்கள் இதுவரை ஒருவர்கூட வரவில்லை, அதுதான் விசித்திரம். மூன்று ரீல் முடிந்துவிட்டது, ஒரு பிணம் இல்லை. எல்லோரும் நடக்கிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள், ஒருத்தன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். இரண்டாவது ரீலில் வெடித்த உலைக் கட்டடத்தின் மொட்டைமாடி மேல் ஆட்கள் ஓடிவருகிறார்கள். மார்பிலும் முதுகிலும் ஈயத் தகட்டைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள், சிதறிய இடிபாட்டை மண்வெட்டியால் ஒரே ஒரு அள்ளு, கீழே தள்ளுகிறார்கள், திரும்பி ஓடுகிறார்கள். அதற்குமேல் ஒரு நொடி நின்றாலும் ஆபத்தாம். பழைய எண்ணெய் டின்னை வெட்டித் தட்டையாக்கி மார்பில் கட்டிக்கொண்டு தணிகாசலம் அவர்களுக்காக ஓடினார். தகரம் விலாவில் குத்தியது. அவர்களுக்கும் குத்தியிருக்கும். முதல் நாள் அவர் கேட்டார், “ஏம்மா, படம் முழுக்க வெள்ளை வெள்ளையாப் புள்ளி பொரியுதே, ரீல் பூஞ்சை பிடிச்சிருச்சா?” பெனிட்டா இல்லையென்று தலையாட்டினாள். “அது கதிர்வீச்சு சார். ஃபிலிம் மேலேயே பட்டிருக்கு. கண்ணுக்குத் தெரியாததுன்னு சொல்றாங்கல்ல, அது தெரியுற ஒரே இடம் இதுதான்.” அவள் தூத்துக்குடிப் பெண், எதையும் மீன் விலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வாள். அன்று வீட்டுக்குப் போய்க் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். கம்ப்யூட்டரில் ஓடுகிற படம், அதில் என்ன ஒட்டப்போகிறது. இருந்தாலும் கழுவினார். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், சாப்பாட்டில் இருக்கும், குழந்தை தலைமுடியில் இருக்கும், ஒன்பது வருஷம் கழித்து ஒருநாள் கழுத்தில் ஒரு கட்டியாக வரும். ஒன்பது வருஷம். ஏன் ஒன்பது என்று நினைத்தோம்? பத்து என்று நினைத்திருக்கலாம். கதிர்வீச்சை அளக்கிற கருவி கிர்ர் கிர்ரென்று பொரிகிற சத்தம் பெனிட்டாவிடமே ரெடியாக இருந்தது, அவர் செய்ய வேண்டியதில்லை. ஹெட்ஃபோனில் அதைப் போட்டுக் காட்டியபோது அவருக்குக் கடுகு தாளிக்கிற ஞாபகம்தான் வந்தது. எண்ணெய் காய்ந்து, முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் சடசடவென்று. இந்திராணி அக்கா கடுகு பொரியும்போது அடுப்பைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றுகொள்வாள், ஒருதரம் கண்ணில் தெறித்ததிலிருந்து. எல்லாம் மறந்துபோன பிறகும், அடுப்பு எது அலமாரி எது என்று தெரியாமல் போன பிறகும், வசுமதி தாளித்தால் அக்கா கூடத்தில் இருந்தபடியே ஓர் அடி பின்னால் போவாள். உடம்புக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. போதும். அங்கே போகாதே. வேலையைப் பார்.

“பூட்டு எது வேணும் சார்? பெட்டியில நாலு இருக்கு” என்று பெனிட்டா கேட்டாள். சாமான் பெட்டி அவருடையதுதான். அதில் எத்தனை இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாதா. சைக்கிள் பூட்டு ஒன்று, சின்னப் பெட்டிப்பூட்டு ஒன்று, துருப்பிடித்த இரும்புப் பூட்டு ஒன்று, பித்தளை ஒன்று. பித்தளையைத் தொடாமல் இரும்பை எடுத்தார். பலகையில் அடித்த கொண்டியில் மாட்டினார். திரையில் அம்மாள் கை போகிறது. இவர் கை போயிற்று. கொண்டி விழும் ‘டக்’, வளையம் நுழையும் ‘கிறீச்’, அமுங்கும்போது கனமாக ஒரு ‘ளொக்’, சாவி சுற்றி உருவும் சத்தம். ஒரே டேக். பெனிட்டா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். “சூப்பர் சார். இப்ப அந்த அம்மா திரும்பி வந்து இழுத்துப் பார்க்குறாங்கள்ல, அதையும் எடுத்துருவோம். ரெண்டு இழுப்பு.” ஆமாம். படி இறங்கி நாலு தப்படி போனவள் திரும்பி வந்தது அதற்குத்தான். பூட்டியாயிற்றா என்று பார்க்க. எல்லோரும் செய்கிறதுதான், உலகத்தில் எந்த ஊரில் எந்த வீட்டைப் பூட்டுகிறவனும் செய்கிறதுதான். மூன்று நாளில் திரும்பி வந்துவிடலாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லித்தான் அவர்களை ஏற்றினார்களாம், பின்னணிக் குரல் எழுதிய தாளில் இருந்தது. மூன்று நாளுக்கு ஒரு பூட்டுப் போதும். மூன்று நாளில் என்ன ஆகிவிடும். இரண்டு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும். அவள் கை பூட்டைப் பிடித்து ஓர் இழுப்பு, இன்னோர் இழுப்பு, அப்புறம் உள்ளங்கையைக் கதவின் மேல் ஒரு கணம் வைக்கிறாள். அந்த ஒரு கணம் ஏன் வைக்கிறாள்? அப்போதுதான் அவர் ஜன்னலைப் பார்த்தார். கதவுக்கு வலது பக்கம் மூடிய கண்ணாடி ஜன்னல், உள்ளே பூப்போட்ட திரைச்சீலை. அவள் கையை எடுத்துத் திரும்பிய பிறகு, படம் வெட்டுவதற்கு முன்னால், திரைச்சீலையின் ஓரம் அசைந்தது. “பெனிட்டா, பின்னாடி போ.” போனாள். அசைந்தது. “இன்னொரு தடவை.” அசைந்தது. “அந்த ஜன்னல்ல பாரும்மா. யாரோ இருக்காங்க உள்ளே.” அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். “புள்ளி சார் அது. கதிர்வீச்சுப் புள்ளி.” “புள்ளி வெள்ளையா இருக்கும். இது துணி.” “அப்போ காத்து.” “ஜன்னல் சாத்தியிருக்கு.” “பூனையா இருக்கும் சார். பூனை நாயெல்லாம் விட்டுட்டுத்தானே போனாங்க” என்றவள், அவர் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டு, “லிஸ்ட்ல என்ன போட்டிருக்குன்னா, ஷாட் நாற்பத்தொண்ணு, பெண் வீட்டைப் பூட்டிவிட்டுப் பேருந்தில் ஏறுகிறாள். அவ்ளோதான் சார்” என்றாள். அவ்வளவுதான். லிஸ்ட் எழுதியவன் உள்ளே யார் என்று கேட்டிருக்க மாட்டான். பூட்டு தொங்குகிற வீட்டைப் பார்த்து யார் என்ன கேட்பார்கள். பூட்டைப் பார்த்தால் உள்ளே யாரும் இல்லை என்றுதானே அர்த்தம். பூட்டு அதைத்தானே சொல்கிறது, தெருவில் போகிற எல்லோருக்கும், பஸ்ஸில் ஆள் எண்ணுகிற சிப்பாய்க்கு, மாடியிலிருந்து இறங்கி வந்து தட்டலாமா என்று நிற்கிற ரஹீம் பாய்க்கு.

ரஹீம் பாய். நினைத்தாகிவிட்டது, இனி நிற்காது. ஜாபர்கான்பேட்டையில் அவர்கள் இருந்தது கீழ்வீடு. மாடியில் ரஹீம் பாய் குடும்பம். ஆறு பின்னால் இருந்தது, ஆனால் அதை யாரும் ஆறு என்று சொன்னதில்லை, நாற்றம் என்றுதான் சொல்வார்கள், ‘இன்னிக்கு நாத்தம் ஜாஸ்தி’ என்று. அக்காவுக்கு அறுபத்தொன்று, மறதி நோய் பிடித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பேரன் பெயர் மறந்தது, புருஷன் செத்தது மறந்தது, ஒன்றே ஒன்று மட்டும் மறக்கவில்லை: ஓசூரில் மகள் இருக்கிறாள், அவளிடம் போக வேண்டும். ஒரு துணிப்பையில் இரண்டு புடவையும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிவிடுவாள். ஒருதரம் காசி தியேட்டர் சிக்னலில் பிடித்தார்கள், இன்னொருதரம் கோயம்பேட்டில், ஓசூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். “தம்பி, நீ எதுக்கு வந்தே, சாரு வந்து கூட்டிட்டுப் போறேன்னா” என்றாள். சாருலதா வருவதாகச் சொல்லவில்லை. மாமியார் வீட்டில் இரண்டே அறை, அவளுக்கு வேலை, பிள்ளை, அவள் எங்கே கூட்டிக்கொண்டு போவாள். அதற்கப்புறம்தான் பூட்டு. வசுமதி கடைக்குப் போனால்கூட வெளியே பூட்டிவிட்டுப் போவது. டாக்டரே சொன்னார், ரோட்டில் அடிபடுவதற்கு இது மேல் என்று. டாக்டர் சொன்னார் என்று இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த டிசம்பர் முதல் தேதி வசுமதியும் மகளும் அரக்கோணத்தில் மச்சினி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். காலையிலிருந்து மழை. மழை என்ன புதுசா, அந்த வருஷம் நவம்பர் பூரா அதுதான். படம் ஒன்று சென்சாருக்குப் போக வேண்டும், கடைசி ரீலில் சண்டைக்காட்சிக்குச் சத்தம் பாக்கி, இவர் வந்தால்தான் முடியும். மத்தியானம் இரண்டு மணிக்கு அக்காவுக்கு ரசம் சாதம் ஊட்டி, வாய் துடைத்து, டிவியைப் போட்டுவிட்டு, “அக்கா, ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன்” என்றார். அவள் டிவியைப் பார்த்தபடி, “குடை எடுத்துக்க” என்றாள். தெளிவாகச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல நாள். பித்தளைப் பூட்டு. பூட்டினார், கேட்டுவரைக்கும் போனார், திரும்பி வந்து இழுத்துப் பார்த்தார். இரண்டு இழுப்பு. மழைச் சத்தத்தில் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறது.

அப்புறம் அந்த வெள்ளத்தில் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரிந்தது. இரண்டு மணி நேர வேலை ஏழு மணிக்குத்தான் முடிந்தது. அதற்குள் ரோடெல்லாம் ஆறு, போன் செத்துவிட்டது, ஸ்டூடியோவில் பதினோரு பேர் மாட்டிக்கொண்டார்கள். மறுநாள் இடுப்பளவுத் தண்ணீரில் அசோக் நகர் வரைக்கும் நடந்தார், அங்கே கயிறு கட்டித் தடுத்துவிட்டார்கள். எட்டிப் பார்த்தால் தெருவே இல்லை. பழுப்புத் தண்ணீர், அதன் மேல் வீடுகளின் மேல்பாதி மட்டும். ‘எங்க அக்கா உள்ளே இருக்கா’ என்று கத்தினார். படகில் இருந்த ஆள், “எல்லாரையும் எடுத்தாச்சு சார், ஸ்கூல்ல போய்ப் பாருங்க” என்றான். நம்பினார். நம்பவில்லை. ஸ்கூலில் நானூறு பேர் முகத்தையும் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் நின்றபோது அவர்தான் முதல் ஆளாகத் தெருவுக்குள் போனார். பூட்டு அப்படியே தொங்கியது. சேறு அப்பிய சாவித்துவாரத்தை விரலால் வழித்துச் சாவியைப் போட்டார், லேசாகத் திறந்துகொண்டது, அந்தப் பூட்டு என்றைக்குமே மக்கர் பண்ணியதில்லை. அக்கா கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள். கட்டிலில் இல்லை, கூடத்தில் இல்லை, கதவுக்குப் பின்னால், தோளில் துணிப்பை மாட்டியபடி. எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. எழுந்ததும் செய்த முதல் காரியம், செங்கல் ஒன்றை எடுத்து உள்பக்கத் தாழ்ப்பாளை அடித்துப் பெயர்த்தது. நாலு அடி. ஆணியோடு கீழே விழுந்தது. பூட்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்னால் ஆற்றுச் சேற்றில் எறிந்தார். யோசித்துச் செய்தது இல்லை, கை செய்தது. அதற்கப்புறம் போலீஸ், வார்டு ஆட்கள், வசுமதி, எல்லோரிடமும் ஒரே வாக்கியம்: உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது, உடைத்துத்தான் திறந்தேன். ரஹீம் பாயை நாலு நாள் கழித்து ஸ்கூலில் பார்த்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். “தட்டலாம்னுதான் இறங்கி வந்தேன் தம்பி. அல்லா மேல சத்தியமா. பூட்டு தொங்குச்சு. நீங்க அக்காவைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டீங்கன்னு நினைச்சேன். திரும்ப மேல போயிட்டேன்.” ஓர் ஆளுக்காவது உண்மை தெரிந்திருந்தது, அந்த ஆளும் ஆம்பூருக்குப் போய்க் கொரோனாவில் இறந்துவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று தணிகாசலத்துக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. என்ன வந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது. ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சாருலதா அக்காவின் காரியத்துக்கு வந்திருந்தபோது கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “கதவு உள்பக்கமாத் தாழ்ப்பாளா மாமா?” “ஆமா பாப்பா.” அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், பிறகு கேட்கவே இல்லை. வருஷா வருஷம் திதிக்கு முதல் நாள் போன் பண்ணுவாள், சௌக்கியமா மாமா என்பாள், வைத்துவிடுவாள்.

“சார், ரோலிங்” என்றாள் பெனிட்டா. அவர் எழுந்து பலகைக்கு முன்னால் போய் நின்றார். திரையில் அம்மாள் படியேறி வந்தாள். கையை நீட்டினாள். இவர் கையும் நீண்டது, பூட்டைப் பிடித்தது, இழுக்கவில்லை. படம் ஓடி முடிந்தது. “சார்?” “இன்னொரு தடவை போடு.” மறுபடி வந்தாள். வெள்ளைப் புள்ளிகள் அவள் தலைத்துணி மேலும் கதவு மேலும் பொரிந்தன. இழுக்கவில்லை. உள்ளே யார்? மாமியாரா, நடக்க முடியாத அப்பாவா, வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த புருஷனா? சிப்பாய்கள் கண்ணில் படாமல் இருக்க அவனே பூட்டச் சொன்னானா? அப்படியும் இருக்கலாம். தெரிந்தே பூட்டியிருக்கலாம், நல்லதுக்கென்று பூட்டியிருக்கலாம். மூன்று நாள்தானே. அப்படியானால் அவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, மூன்று நாள் ஆறு நாளாகி, ஒரு வருஷமாகி, ஊருக்குள் போகவே விடமாட்டோம் என்று அவர்கள் சொன்னபோது, உள்ளே ஆள் இருக்கிறது என்று யாரிடமாவது சொன்னாளா? சொல்லியிருப்பாள். சொல்லாமல் எப்படி இருக்க முடியும். இருக்க முடியும். ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால் போதும், அதற்குள் ஒன்பது வருஷம் குடியிருக்கலாம், கல்யாணங்களுக்குப் போகலாம், இட்லி சாப்பிடலாம், மகளுக்கு வரன் பார்க்கலாம். இல்லை, யாரும் இல்லை, பூனைதான். பூனையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தணிகாசலம் இப்போது ஜன்னலைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். படத்தில் சத்தம் இல்லை. யார் தட்டினாலும் படத்தில் கேட்காது. அவள் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிற அந்த ஒரு கணத்துக்கு என்ன சத்தம் போடுவது? மூன்றாவது தடவை ஓடி முடிந்தபோது அவர் சாவியைப் போட்டுப் பூட்டைக் கொண்டியிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பெனிட்டா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எழுந்து உள்ளே வந்தாள். “உடம்புக்கு என்ன சார்? சுகர் இறங்கிடுச்சா? டீ சொல்லட்டா?” “இல்லம்மா. ஒரு போன் பண்ணணும். பத்து நிமிஷம்.” “பண்ணுங்க சார், அவசரமே இல்ல.” அவள் அவர் கையிலிருந்து பூட்டை மெதுவாக வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

வெளியே நடைபாதையில் மத்தியான வெயில் கம்பி ஜன்னல் வழியாக விழுந்து கிடந்தது. கீழே தெருவில் யாரோ தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொன்றே முக்கால். சாருலதா ஆபீசில் இருப்பாள், எடுக்க மாட்டாள், எடுக்காவிட்டால் நல்லது, சாயந்திரம் பார்த்துக்கொள்ளலாம், சாயந்திரம் என்றால் வசுமதி பக்கத்தில் இருப்பாள், அப்புறம் நாளைக்கு. இப்படித்தான் ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போயிற்று. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“மாமா? என்ன இந்த நேரத்துல? அத்தைக்கு ஏதாவது?”

“இல்ல பாப்பா, எல்லாரும் நல்லா இருக்கோம். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

எப்படி ஆரம்பிப்பது என்று ஒன்பது வருஷமாக அவர் பல வாக்கியங்கள் செய்து வைத்திருந்தார். டாக்டர் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிற வாக்கியம், கோயம்பேடு பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கிற வாக்கியம். ஒன்றும் வரவில்லை.

“கதவை அக்கா தாழ்ப்பாள் போடல. நான்தான் வெளியே பூட்டிட்டுப் போனேன். தாழ்ப்பாளை அப்புறமா நானே உடைச்சேன்.”

அந்தப் பக்கம் ஏதோ ஒரு நாற்காலி நகர்ந்தது. நடக்கிற சத்தம். குதிகால் செருப்பு, டைல்ஸ் தரை, வேகமாக. ஒரு கதவு திறந்து மூடியது. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டட்டும். போலீசுக்குப் போகிறேன் என்று சொல்லட்டும். அவர் நெற்றியை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டார், கம்பி சுட்டது.

“அன்னிக்குக் காலைல அம்மா எனக்குப் போன் பண்ணாங்க மாமா” என்றாள் சாருலதா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “மூணு தடவை. எப்பவும் அத்தை போன்லேர்ந்து யாராவது நம்பர் போட்டுக் கொடுப்பீங்கள்ல, அன்னிக்கு வீட்டு லேண்ட்லைன்ல அவங்களே போட்டிருக்காங்க, என் நம்பர் மட்டும் அம்மாவுக்கு மறக்கல. நான் மீட்டிங்ல இருந்தேன். பார்த்தேன், எடுக்கல. எடுத்தா ‘எப்போ வந்து கூட்டிட்டுப் போவே’ன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் இல்லைன்னு எடுக்கல. அப்புறம் நீங்க உள்ள தாழ்ப்பாள்னு சொன்னதும் அம்மா வேணும்னே போட்டுக்கிட்டாங்கன்னு நினைச்சேன். நான் எடுக்காததால. நான் வரமாட்டேன்னு தெரிஞ்சுபோய், கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துட்டாங்கன்னு. ஒன்பது வருஷமா அப்படித்தான் நினைச்சிட்டிருக்கேன் மாமா. ஒரு நாள்கூட விடாம.”

தன் கையில் இருப்பதாக நினைத்து இத்தனை நாள் அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அங்கே ஓசூரில் இன்னொருத்தி வீட்டில், அவள் சாப்பாட்டில், அவள் தூக்கத்தில் இருந்திருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம். அது யாரைப் போய்ச் சேரும் என்று அவர் யோசித்ததே இல்லை. போலீஸை யோசித்தார், வசுமதியை யோசித்தார்.

“இல்ல பாப்பா” என்றார். “பை மாட்டிட்டிருந்தா. தோள்ல. உங்கிட்ட வரத்தான் கிளம்பியிருக்கா. கதவுகிட்டதான் இருந்தா.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தாங்க முடிந்திருக்கும். சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து ஏதாவது கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள்:

“அப்போ அம்மா கதவைத் தட்டியிருப்பாங்களா மாமா?”

ஸ்டூடியோக் கதவு திறந்தது. பெனிட்டா ஒரு கையில் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்து, வரலாமா என்று புருவத்தால் கேட்டாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவள் டீயை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“தட்டியிருப்பா” என்றார் தணிகாசலம். “ரொம்ப நேரம் தட்டியிருப்பா.”

சாருலதா போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.